குன்னூர் இறக்கமும் என் காரின் பிரேக் டிஸ்க்கும்

பர்லியாருக்கு இரண்டு வளைவு மேலே பிரேக் பெடல் மெத்தென்று அமுங்கியது. அதுவரை பாதியிலேயே பிடித்துக்கொண்டிருந்த பெடல், முக்கால்வாசி கீழே போன பிறகுதான் பிடித்தது. அதற்கும் முன்பே, குன்னூர் தாண்டியதிலிருந்து, பிரேக் போடும்போதெல்லாம் ஸ்டீயரிங் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் அப்பாவும் அம்மாவும். பக்கத்தில் மகள். டிக்கியில் ஒரு மூட்டை கேரட்டும் அம்மாவின் தையல் மெஷினும். வெளியே தூறல்.

பெடலை இரண்டு மூன்று தடவை விட்டு விட்டு அமுக்கினேன். கொஞ்சம் மேலே வந்தது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு, பிறகு ஒன்றுக்கு இறக்கி, ஹேண்ட்பிரேக்கையும் மெல்ல மெல்ல இழுத்து, பர்லியார் பழக்கடைகளுக்குப் பக்கத்தில் ஓரம் கட்டினேன். கதவைத் திறந்ததும் கருகிய வாடை. முன்சக்கரத்திலிருந்து இழைபோலப் புகை. கடைக்கார அம்மா பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் நின்ற லாரியிலிருந்து டிரைவர் குதித்து ஓடிவந்து தடுத்தார். "தண்ணி ஊத்தாதீங்கம்மா, இரும்பு விட்டுப்போயிரும். கல்லு வெச்சுட்டு ஹேண்ட்பிரேக்க எடுத்து விடுங்க. முக்கால் மணி நேரம் சும்மா விடுங்க, தானா ஆறும்." அவர் சொன்னபடி செய்தோம். மகள் மங்குஸ்தான் தின்றாள். எனக்கு எதுவும் இறங்கவில்லை.

என் பெற்றோர் குன்னூரில் இருக்கிறார்கள். அப்பா அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் கோயம்புத்தூரில். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குகிறேன். காரோ பத்து வயதான டீசல் ஹேட்ச்பேக். முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்பு வட்டு), பின்னால் டிரம். அன்றைக்கு வீடு வந்து சேர்ந்ததும் முடிவு செய்துவிட்டேன், இருப்பதைவிட நல்ல டிஸ்க் போட வேண்டும் என்று. எது நல்ல டிஸ்க் என்பது தெரிய அப்புறம் மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் போன பட்டறையில், "டிஸ்க் வளைஞ்சிருக்கு மேடம், லேத்துல ஒரு ஸ்கிம்மிங் போட்டாப் போதும்" என்றார்கள். டிஸ்க்கின் முகத்தை மெல்லிசாகச் சீவிச் சமமாக்குவதுதான் ஸ்கிம்மிங். இரண்டு வருஷத்துக்கு முன்பும் இதே நடுக்கம் வந்து, இதையேதான் செய்திருந்தேன். நல்லவேளை, இந்த முறை வேறு ஒரு மெக்கானிக் தம்பியிடம் காட்டிவிட்டுச் செய்யலாம் என்று தோன்றியது. அவர் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கின் நடுப்பகுதியில் இருந்த துருவைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்துக் காட்டினார். "மின் டிஎச் 18" என்று பொறித்திருந்தது. அந்த டிஸ்க்குக்குக் குறைந்தபட்சத் தடிமன் 18 மி.மீ. என்று அர்த்தம். புதிதில் 20. மைக்ரோமீட்டர் வைத்து எட்டு இடத்தில் அளந்தார். ஒரு இடத்தில் 18.3, இன்னொரு இடத்தில் 18.25. "இதுக்கு மேல சீவினா எல்லைக்குக் கீழ போயிரும்க்கா. நடுங்குறதுக்குக் காரணமும் இதுதான். டிஸ்க் ஒரே தடிமனா இல்ல."

மயிரிழை வித்தியாசம்தான், ஆனால் காலுக்கும் கைக்கும் தெரிந்துவிடுகிறது. டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கட்டைதான் பேட். டிஸ்க் சுற்றும்போது தடித்த இடம் பேடைத் தள்ளுகிறது, மெலிந்த இடம் விடுகிறது. அதுதான் பெடலில் துடிப்பாகவும் ஸ்டீயரிங்கில் நடுக்கமாகவும் வருகிறது. 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தத் தடிமன் வித்தியாசமும், சூட்டில் பேட் பொருள் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்வதும்தான்.

அடுத்து அவர் பானெட்டைத் திறந்து பிரேக் ஃப்ளூயிட் பாட்டிலைக் காட்டினார். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது டிகாஷன் நிறத்தில் இருந்தது. மாற்றி எத்தனை வருஷம் என்று கேட்டார். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்றைக்குப் பெடல் மெத்தென்று போனதற்குக் காரணம் டிஸ்க்கே இல்லை, இந்த ஃப்ளூயிட்தான். இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிரேக் சூடாகித் தோற்பது இரண்டு விதம். பெடல் கல் மாதிரி நிற்கிறது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது என்றால் பேட் தன் பிடிப்பை இழந்துவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்றால் ஃப்ளூயிட் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகிவிட்டது. திரவம் அமுங்காது, குமிழி அமுங்கும். அதனால் காலின் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை.

பிரேக் ஃப்ளூயிட் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் என்பது அதன் தர வகை. புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. அதிலேயே 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் தாங்க வேண்டிய எல்லை 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, ஈரம் சேர்ந்தால் 155. டாட் 5.1 என்றால் 260, 180. ஊட்டியில், குன்னூரில், வால்பாறையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை இதுதான்: டிஸ்க்குக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன்னால் ஃப்ளூயிட்டை மாற்றுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. மூடியிலோ கையேட்டிலோ என்ன வகை போட்டிருக்கிறதோ அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். டாட் 5 என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது சிலிகான் வகை, மற்றதோடு கலக்கவே கூடாது. எண் பெரிதாக இருக்கிறதே என்று வாங்கி ஊற்றிவிடாதீர்கள்.

ஆனாலும் டிஸ்க் மாற்ற வேண்டியதுதான். 18.25 மி.மீ.யில் மலை இறங்க நான் தயாராக இல்லை.

நஞ்சப்பா ரோடு ஸ்பேர்ஸ் கடைகளில் இரண்டு நாள் சுற்றினேன். என் காருக்குப் பொருந்தும் என்று மூன்று விதமாகக் காட்டினார்கள். ஒன்று, பெயர் தெரியாத கம்பெனியின் சாதா டிஸ்க், ஜோடி 2,600 ரூபாய். இரண்டாவது, கார் கம்பெனிகளுக்கே பிரேக் செய்து கொடுக்கும் நிறுவனத்தின் ஹை-கார்பன் டிஸ்க், ஜோடி 5,200. மூன்றாவது, துளை போட்டு, கோடு கீறி, பளபளவென்று இருந்த இறக்குமதி டிஸ்க், ஜோடி 18,000. கடைப் பையன் மூன்றாவதைத்தான் கையில் கொடுத்தான். "மலைக்குப் போறீங்கன்னா இதாங்க்கா. துளை வழியா சூடு போயிரும்." பார்க்க அழகாகத்தான் இருந்தது. அன்றைக்கு இருந்த பயத்தில் 18,000 கொடுக்கவும் மனசு தயாராக இருந்தது.

அங்கே என்னைத் தடுத்தது என் பெரியப்பா. கணபதி பக்கம் ஒரு ஃபவுண்டரியில் 30 வருஷத்துக்கு மேல் மோல்டிங் பிரிவில் வேலை பார்த்தவர். கோயம்புத்தூரில் பம்பு செட்டும் கிரைண்டரும் எவ்வளவு சகஜமோ, வார்ப்பு இரும்பும் அவ்வளவு சகஜம். வீட்டுக்கு ஒருவராவது ஃபவுண்டரி மண்ணை மிதித்தவர் இருப்பார். பிரேக் டிஸ்க்கும் அதே சாம்பல் நிற வார்ப்பு இரும்புதான் என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு மூன்று ஜோடியிலும் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டு, கழற்றிய பழைய டிஸ்க்கோடு பெரியப்பா வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் வைத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் விலை குறைந்ததை எடுத்தார். முகத்தைப் பார்க்கவே இல்லை, விளிம்பைத்தான் பார்த்தார். முன்சக்கர டிஸ்க் ஒரே தகடு இல்லை. இரண்டு தகடுகள், நடுவில் காற்று போக இடைவெளி, இரண்டையும் சேர்க்கும் சிறு சிறு சுவர்கள். அந்த இடைவெளி தெரியும்படி திருப்பி என் முன்னால் நீட்டினார். "அம்மிணி, இங்க பாரு. இந்தப் பக்கம் தகடு எவ்வளவு கனம், அந்தப் பக்கம் எவ்வளவு?" வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ஒரு பக்கம் ஆறு மி.மீ. இருந்தால் மறுபக்கம் எட்டு. "கோர் நகந்துபோச்சு. உள்ள இடைவெளி வர்றதுக்கு மணல்ல கோர் செஞ்சு வெப்போம். உருக்கின இரும்பை ஊத்தறப்ப அது அசைஞ்சா இப்படித்தான் வரும். மேல மெஷின்ல ஓட்டி மொத்தக் கனத்தைச் சரி பண்ணீருவாங்க, உள்ள இருக்கறதை ஒண்ணும் பண்ண முடியாது." மெல்லிய பக்கம் சீக்கிரம் சூடாகும், கனத்த பக்கம் மெதுவாக. இரண்டும் ஒரே மாதிரி விரியாததால் சூட்டில் டிஸ்க் குடை மாதிரி லேசாகச் சாயும். ஆறினால் பழையபடி ஆகிவிடும். அதனால் பட்டறையில் வைத்து அளந்தால் குறை தெரியாது. கடையில் டிஸ்க் வாங்குகிற யாரும் இந்த ஒரு சோதனையைச் செய்யலாம். கருவி வேண்டாம், விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் போதும்.

அடுத்து, ஹை-கார்பன் டிஸ்க்கை ஒரு விரலில் தொங்கவிட்டு ஸ்பானரால் தட்டினார். மணி மாதிரி கணீர் என்று கேட்கும் என்று நினைத்தேன். 'டொக்' என்று சுருக்கமாக அடங்கிவிட்டது. அவருக்குச் சந்தோஷம். சாம்பல் வார்ப்பு இரும்புக்குள் கிராஃபைட் செதில் செதிலாக இருக்கிறது. அதுதான் அதிர்வைக் குடித்துவிடுகிறது, சூட்டையும் வேகமாகக் கடத்துகிறது. கார்பன் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அந்தச் செதிலும் கூடுதல். அதனால் சூட்டுக்கு எளிதில் விரிசல் விடாது, கீச்சென்ற சத்தமும் குறையும். "ஹை-கார்பன்னு அட்டையில போட்டிருக்கறதுக்கு அர்த்தம் இதான்" என்றார். ஆனால் உறுதி கொஞ்சம் குறையும், அதற்கு ஈடாக வேறு உலோகங்களைச் சிறிதளவு சேர்ப்பார்கள் என்றும் சொன்னார். அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் செய்தவர் யார் என்று பார்க்கச் சொன்னது அதனால்தான்.

துளை போட்ட டிஸ்க்கைக் கையில் வாங்கியதும் தராசு இருக்கிறதா என்று கேட்டார். பெரியம்மா பழைய பேப்பர் நிறுக்கும் தராசைக் கொண்டுவந்தார். ஹை-கார்பன் டிஸ்க் 4.6 கிலோ. துளை போட்டது 4.3. தேய்ந்த என் பழைய டிஸ்க் 4.2. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை, என்னையே பார்க்கச் சொன்னார். 18,000 ரூபாய் கொடுத்து, தேய்ந்த டிஸ்க்குக்குக் கிட்டத்தட்டச் சமமான எடையுள்ள இரும்பை வாங்கப் போயிருக்கிறேன்.

எடை ஏன் முக்கியம் என்று அன்று ராத்திரி காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு என் கார் சுமார் 1,300 கிலோ. 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு தடவை முழுதாக நிறுத்தினால் அந்த ஓட்டம் முழுவதும் சூடாக மாறுகிறது. பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கு. ஒரே ஒரு நிறுத்தத்தில் முன் டிஸ்க் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 டிகிரி ஏறிவிடும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சத்தில். 1,500 மீட்டர் இறங்குவது என்பது, 80-லிருந்து அறுபது தடவை வண்டியை நிறுத்துவதற்குச் சமமான சூடு. டயரும் காற்றும் இன்ஜினும் அதில் பங்கு எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் பெரும்பங்கு முன்னால் இருக்கும் அந்த இரண்டு 4.6 கிலோ டிஸ்க்குக்குள்தான் போக வேண்டும். டிஸ்க் என்பது சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் பாத்திரம், அப்புறம் அதைக் காற்றுக்குக் கொடுக்கும் விசிறி. பாத்திரம் சிறுத்தால் சீக்கிரம் நிரம்பும்.

துளை வழியாகச் சூடு போய்விடும் என்பதில் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை. துளையின் உள்சுவரும் காற்றுபடும் பரப்புதான். ஆனால் துளை முதலில் வந்த காரணம் வேறு. அந்தக் காலத்துப் பேடுகள் சூட்டில் வாயு விடும், அது பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மாட்டிக்கொண்டு பிடிப்பைக் குறைக்கும். அதை வெளியேற்றத்தான் துளை. இன்றைய பேடுகளில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. மழையில் மேலே படியும் நீர்ப்படலத்தைத் துளை சீக்கிரம் உடைக்கும் என்பது நிஜம். ஆனால் திரும்பத் திரும்பச் சூடாகி ஆறும் வண்டியில் விரிசல் தொடங்குவதும் அந்தத் துளை ஓரங்களில்தான். கோடு மட்டும் கீறிய டிஸ்க் இதைவிட உறுதி. பேடின் மேற்பரப்பை அது சீவிச் சீவிப் புதிதாக வைத்திருக்கும். எங்கள் தெருவில் ஒரு பையன் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓட்டப் போகிறவன், அவன் காரில் அதுதான் இருக்கிறது, அவனுக்கு அது சரி. பேட் சீக்கிரம் தேய்வதும், பிரேக் போடும்போது உர்ரென்று வரும் சத்தமும் அவனுக்குப் பொருட்டே இல்லை. இரண்டு வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு 25 கி.மீ. வேகத்தில் மலை இறங்குகிற எனக்கு அதில் ஆதாயம் எதுவும் இல்லை.

விட்டம் பெரிய டிஸ்க் போடலாமே என்று அந்தப் பையன்தான் கேட்டான். உண்மையில் மேம்படுத்துவது என்றால் அதுதான் பலன் தரும். எடையும் கூடும், நெம்பும் தூரமும் கூடும். ஆனால் பேடை அழுத்தும் காலிப்பரின் பிராக்கெட் மாற வேண்டும், சக்கரத்துக்குள் இடம் வேண்டும், முன்பக்கம் மட்டும் பிடிப்பு கூடினால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள சமநிலையும் மாறிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைப் பற்றியது. இன்சூரன்ஸ்காரர்கள் விபத்துக்குப் பிறகு என்ன கேட்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். நான் அந்தப் பக்கம் போகவில்லை. அதே அளவில் ஹை-கார்பன் டிஸ்க், 5,200 ரூபாய், முடிந்தது.

பேடும் புதிதாகத்தான் போட வேண்டும். பழைய டிஸ்க்கின் மேடு பள்ளம் பழைய பேடில் பதிந்திருக்கும். பேடின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் நீளமான குறியீட்டின் கடைசியில் இரண்டு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. கடைக்காரர் முதலில் கொடுத்தது எஃப்ஈ. அதாவது சூடானால் பிடிப்பு குறையும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. எஃப்எஃப் கேட்டு வாங்கினேன். விலை வித்தியாசம் 400 ரூபாய்தான்.

மாட்டும் வேலையை முழுக்க நின்று பார்த்தேன். டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் செதில் செதிலாகத் துரு. மெக்கானிக் தம்பி கம்பி பிரஷ் வைத்து இருபது நிமிஷம் தேய்த்தார். அந்தத் துருத் துணுக்கு ஒன்று அடியில் மாட்டினால்கூட டிஸ்க் சாய்ந்து சுற்றும். சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடியும் தடிமன் வித்தியாசம் வந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன் லேத்தில் சீவிய டிஸ்க் திரும்ப நடுங்கியது இதனால்தான் என்று இப்போது நம்புகிறேன், அன்றைக்கு யாரும் ஹப்பைத் தொடவே இல்லை. மாட்டியபின் சாய்வை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றினார். முள் 0.03 மி.மீ.க்குள் ஆடியது. காலிப்பர் நகரும் பின் இரண்டில் ஒன்று இறுகியிருந்தது, அதைச் சுத்தம் செய்து அதற்கான கிரீஸ் வைத்தார். சக்கர நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்காமல், டார்க் ரெஞ்சால் எதிர் எதிராக இறுக்கினார். இதற்கெல்லாம் அவர் அதிகமாகக் கேட்டது 600 ரூபாய். சந்தோஷமாகக் கொடுத்தேன்.

புது டிஸ்க்கோடு நேராக மலைக்குப் போய்விடக் கூடாது, பேடும் டிஸ்க்கும் முதலில் ஒன்றோடொன்று படிய வேண்டும். மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு, பின்னால் வண்டி எதுவும் வராத ஒரு நேர்ச் சாலையில், 60-லிருந்து 15 வரை மிதமாகப் பிரேக் பிடித்து, நிற்காமல் மறுபடி வேகமெடுத்து, இப்படிப் பத்து தடவை செய்தேன். ஏழாவது எட்டாவது தடவையில் லேசாக வாடை வந்தது. அது சகஜம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அப்புறம் பத்து நிமிஷம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட்டேன். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நின்றால் அந்த இடத்தில் பேடின் அச்சு பதிந்துவிடும். நடுக்கம் அங்கேயே பிறந்துவிடும்.

அடுத்த குன்னூர் பயணத்துக்கு ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொண்டேன். பளபளக்கும் இரும்பில் அது குறைத்துக் காட்டும். அதனால் எப்போதும் டிஸ்க்கின் துருப்பிடித்த நடுப்பகுதியில் ஒரே இடத்தில்தான் பிடிப்பேன். முதல் தடவை, பழக்கப்படி மூன்றாவது கியரில் இறங்கிப் பர்லியாரில் நின்று பார்த்தேன். 236 டிகிரி. அடுத்த தடவை, அதே ஆட்கள், அதே பாரம், குன்னூரிலிருந்தே இரண்டாவது கியர். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒரு தடவை பிடித்து முழுதாக விட்டேன். 128 டிகிரி. நேரம் ஏழு நிமிஷம்தான் கூடியது. 5,200 ரூபாய் டிஸ்க் எனக்குக் கொடுத்ததைவிட அந்தக் கியர் அதிகம் கொடுத்திருக்கிறது. மலைப்பாதை ஓரத்தில் தாழ்ந்த கியரில் போகச் சொல்லும் பலகைகளை எத்தனையோ வருஷமாகக் கடந்து போயிருக்கிறேன்.

ஸ்டீயரிங் இப்போது நடுங்குவதில்லை. ஒன்பது மாதம், சுமார் 11,000 கி.மீ. கழித்துப் போன வாரம் அளந்தபோது எட்டு இடத்திலும் 19.8. ஃப்ளூயிட் அடுத்து மாற்ற வேண்டிய மாதத்தை அப்பா ஒரு வெள்ளை டேப்பில் தன் கையால் எழுதி, பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறார்.